டர்போ பட்டனும் பன்னெண்டு கோரும்

டர்போ பட்டன் ஞாபகம் இருக்கா மக்களே? எண்பதுகளோட கடைசியிலயும் தொண்ணூறுகளோட ஆரம்பத்துலயும் வந்த கம்ப்யூட்டர் பொட்டிகள்ல, பவர் பட்டனுக்குப் பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்கும். அதுக்கு மேல 16, 33, 66னு ஏதோ ஒரு எண் பச்சையா மின்னிட்டு இருக்கும். செருப்பை வெளிய கழட்டி வச்சிட்டு ஏசி ரூமுக்குள்ள பயபக்தியோட நுழைஞ்சு கம்ப்யூட்டர் படிச்ச எங்க தலைமுறைக்கு, அந்த எண் மேல சாமி படத்து மேல இருக்குற மரியாதை. (அந்த எண்ணுக்கும் உள்ள ஓடுற சிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொட்டியை மாட்டுறவர் ஜம்பரை மாத்திக் குத்தினா எந்த எண்ணை வேணும்னாலும் வரவழைக்கலாம். தெரிஞ்சப்ப மனசு உடைஞ்சு போச்சு!)

பேரு என்னவோ டர்போ. ஆனா அது வேகத்தைக் குறைக்குறதுக்காக வச்ச பட்டன். 1981ல வந்த ஐபிஎம் பிசியில இருந்தது இன்டெல் 8088 சிப், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்னிக்கு கேம் எழுதினவங்கள்ல பல பேரு, உலகத்துல எல்லாப் பொட்டியும் இதே வேகத்துலதான் ஓடும்னு நினைச்சு எழுதிட்டாங்க. "ஆயிரம் வரைக்கும் எண்ணு, அப்புறம் அடுத்த அடி வை" அப்படிங்கிற மாதிரி நிரல். 8 மெகாஹெர்ட்ஸ், 12 மெகாஹெர்ட்ஸ்னு புதுப் பொட்டிகள் வந்ததும் ஆயிரத்தை அதுங்க கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எண்ணி முடிச்சிருச்சு. பேய் பொம்மை நாலு காலு பாய்ச்சல்ல வந்து நம்மளைக் கொன்னுட்டுப் போயிரும். அதனால பட்டனை அமுக்கி வேகத்தைக் குறைச்சு, பழைய கேமை விளையாடுவாங்க.

இந்த வேக சமாச்சாரத்துல எனக்குப் பிடிச்ச கதை 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். ஜப்பான்ல தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கினது. எதிரிகளைச் சுடச் சுட, மிச்சம் இருக்குறவன் வேகமா வருவான். திரையில வரைய வேண்டிய எதிரி குறைஞ்சா சிப்புக்கு வேலை குறையுது, அதனால வேகம் தானா ஏறுது. அவர் அதை அப்படியே விட்டுட்டார். அதுதான் அந்த விளையாட்டோட உயிர்நாடியாவே ஆயிருச்சு.

இன்னொரு பக்கம் போர்லாண்ட் கம்பெனியோட டர்போ பாஸ்கல். அதுல எழுதின நிரல் பல, 'ரன்டைம் எர்ரர் 200'னு சொல்லிட்டு ஆரம்பத்துலயே படுத்துக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் தாண்டின பொட்டிகள்ல இந்தக் கூத்து. நிரல் கிளம்பும்போது "இந்தப் பொட்டி எவ்வளவு வேகம்?"னு அளந்து பாக்குற ஒரு கணக்கு உள்ள இருந்துச்சு. பொட்டி அளவுக்கு மீறி வேகமா இருந்ததால வகுத்தல் கணக்குல விடை அடங்காம போயி நிரலே செத்துரும். வேகமா இருந்ததே குத்தமாப் போச்சு!

சரி, இதெல்லாம் ஒரே மூளை இருந்த காலத்துக் கதை. மேட்டருக்கு வர்றேன்.

கேம் எழுதுறவங்களுக்கு இருபது வருஷத்துக்கும் மேல ஓசிச் சாப்பாடு கிடைச்சிட்டு இருந்துச்சு. இன்னிக்கு உங்க நிரல் மெதுவா ஓடுதா? ரெண்டு வருஷம் சும்மா இருங்க. புது சிப் வரும், தானா வேகமா ஓடும். 2000 மார்ச்சுல ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுச்சு, ரெண்டே நாள்ல இன்டெல்லும் தொட்டுச்சு. 2004 நவம்பர்ல பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போயிருச்சு. அங்கதான் முட்டுச்சுவர். அந்தச் சிப் குடிச்ச மின்சாரம் 115 வாட் வரைக்கும். நம்ம ஊரு டேபிள் ஃபேன் ரெண்டு ஓடுற கரண்டு, தீப்பெட்டி அளவு இடத்துல வெப்பமா வருது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும்னு சொல்லிட்டு இருந்த இன்டெல் 2004 அக்டோபர்ல கைவிட்டுச்சு. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே, அடுத்த தலைமுறைன்னு வச்சிருந்த சிப்பையும் ரத்து பண்ணியாச்சு. அந்தச் சிப்போட செல்லப் பேரு என்ன தெரியுமா? தேஜஸ்! ஒளின்னு அர்த்தம். ரொம்ப ஒளி வீசியிருக்கும் போல.

வேகத்தைக் கூட்ட முடியாதுன்னு ஆனதும், ஒரே சிப்புல ரெண்டு மூளையை வச்சு விக்க ஆரம்பிச்சாங்க. ஐபிஎம் 2001லயே பவர்4னு சர்வருக்கு ஒண்ணு செஞ்சிருந்தாலும், நம்ம வீட்டு மேஜைக்கு வந்தது 2005 மே மாசம். இன்டெல்லோட பென்டியம் டி, ஏஎம்டியோட அத்லான் 64 எக்ஸ்2, ரெண்டும் ஒரே மாசம். அதே வருஷம் ஹெர்ப் சட்டர் எழுதின ஒரு கட்டுரை பொட்டி தட்டுற ஜனங்க மத்தியில பெரிய பேச்சாச்சு. ஓசிச் சாப்பாடு முடிஞ்சு போச்சு, இனிமே வேலையைப் பிரிச்சுக் கொடுத்து எழுதுனாத்தான் வேகம்னு தலைப்புலயே சொன்ன கட்டுரை.

இதுல நம்ம பெங்களூருக்கு என்ன பங்குன்னு கேட்டா, அதுதான் இந்தப் பதிவை எழுத வச்ச விஷயமே.

நான் குடியிருக்குறது லிங்கராஜபுரம். காய்கறிக்காரர் தமிழ்லயே விலை சொல்லி, நாம கன்னடத்துல பேரம் பேசி, கடைசியில ரெண்டு பேரும் திருநெல்வேலித் தமிழ்ல சண்டை போடுற ஏரியா. இங்கேருந்து கிழக்கால போனா ஒயிட்ஃபீல்டு. காலையில ஆணி புடுங்கப் போற கூட்டத்துல பாதி அந்தப் பக்கம்தான் போகும். டி.எஸ். ஒயிட்னு ஒருத்தர் 1880கள்ல ஆங்கிலோ இந்தியர்களுக்காக உருவாக்கின குடியிருப்பு, அதான் அந்தப் பேரு. இந்தப் பேரு ஒரு சிப்புக்கும் வச்சிருந்தாங்க.

இன்டெல்ல ஒவ்வொரு சிப்புக்கும், கடைக்கு வர்ற வரைக்கும் ஒரு வீட்டுப் பேரு உண்டு. பெரும்பாலும் ஊர்ப்பேரு. இஸ்ரேல்ல இருக்குற குழு செஞ்ச சிப்புகளுக்கு பானியாஸ், டோதான், மெரோம்னு அவங்க பக்கத்துப் பேருங்க. அதே மாதிரி பெங்களூர்க் குழு வடிவமைச்ச நாலு கோர் சியான் சிப்புக்கு ஒயிட்ஃபீல்டுன்னு பேரு. உலகம் ரெண்டு கோருக்கே வாயைப் பொளந்துட்டு இருந்த நேரத்துல, நாலு கோர். பழைய முறைப்படி எல்லா கோரும் ஒரே பொதுவழியில முண்டியடிச்சு நினைவகத்துக்குப் போகாம, புது வகை இணைப்பு வச்சுப் பண்ணணும்னு திட்டம்.

2005 அக்டோபர்ல அதை ரத்து பண்ணிட்டாங்க. அந்த இடத்துக்கு டைகர்டன்னு வேற ஒரு நாலு கோர் சிப்பைக் கொண்டு வந்தாங்க, அது பழைய பொதுவழியிலயே 2007 செப்டம்பர்ல வெளிவந்துச்சு.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது ஒரு பத்தி செய்தி. சிப் வடிவமைப்புல இருக்குறவங்களுக்குத்தான் தெரியும், ஒரு சிப்புங்கிறது மூணு நாலு வருஷ வாழ்க்கை. ஊர்ல கல்யாணத்துக்குப் போகாம, ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரனோட கான்ஃபரன்ஸ் கால்ல உக்காந்து, பையனோட முதல் பிறந்தநாள்ல கேக் வெட்டுறப்ப போனைக் காதுல வச்சிட்டு நின்ன வருஷங்கள். அதுக்கு ஒரு வரி மெயில்ல முற்றுப்புள்ளி வச்சா எப்படி இருக்கும்? "பெங்களூர்க்காரங்களால ஒரு முழுச் சிப்பைக் கரையேத்த முடியுமா?"ங்கிற நக்கல் வேற அப்ப நிறையவே காதுல விழுந்துச்சு.

அதுக்குப் பதில் மூணே வருஷத்துல வந்துச்சு. 2008 செப்டம்பர்ல வெளிவந்த சியான் 7400. வீட்டுப் பேரு டன்னிங்டன். ஆறு கோர், 190 கோடி டிரான்சிஸ்டர், 16 மெகாபைட் பொது கேஷ். ஆறும் ஒரே சில்லுல. முழுக்க பெங்களூர்ல வடிவமைச்சது. நடுவுல, 2007 பிப்ரவரியில இன்டெல் காட்டின 80 கோர் ஆராய்ச்சிச் சிப்புலயும் பெங்களூர்க் குழுவுக்குப் பெரிய பங்கு. நொடிக்கு லட்சம் கோடி கணக்கு போட்டுச்சு அது, 62 வாட்ல! (115 வாட் பென்டியமை நினைச்சுப் பாருங்க.) கடைக்கு வர்ற சிப் இல்ல அது, சும்மா செஞ்சு பாத்தது. ஆனாலும் எம்பது!

இப்ப கேமுக்கு வருவோம். டன்னிங்டன் சர்வர் சிப். பேங்க் வேலை, ரயில் டிக்கெட் மாதிரி ஒரே நேரத்துல ஆயிரம் பேரு வந்து நிக்கிற இடத்துக்குச் செஞ்சது. ஆயிரம் பேரோட வேலையும் தனித்தனி, ஆறு கவுன்டர் திறந்தா ஆறு வரிசை. கேம் அப்படி இல்ல.

செங்கோட்டை பார்டர் கடையில பரோட்டா மாஸ்டரைப் பாத்திருப்பீங்க. மாவை உருட்டணும், வீசணும், சுருட்டணும், தட்டணும், கல்லுல போடணும், அடுக்கி வச்சு ரெண்டு கையால அடிக்கணும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. அந்த ஒரு பரோட்டாவுக்கு எட்டு மாஸ்டரைக் கொண்டு வந்து நிறுத்தினா என்ன ஆகும்? ஒருத்தர் வேர்த்து விறுவிறுக்க வேலை பாப்பார், ஏழு பேரு தோள்ல துண்டைப் போட்டுட்டு அரசியல் பேசுவாங்க. பழைய கேம் இப்படித்தான். கீபோர்டைப் பாரு, எதிரி என்ன செய்யணும்னு முடிவு பண்ணு, யாரு மேல யாரு மோதினான்னு கணக்குப் போடு, திரையில வரை, மறுபடி முதல்லேருந்து. எட்டு கோர் பொட்டியில அது உயிரைக் கொடுத்து ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க, மொத்தம் பன்னெண்டரை சதவீதம்னு காட்டும். நூறுல எட்டுல ஒரு பங்கு!

அதனால 2005ல ஆசை ஆசையா ரெண்டு கோர் வாங்கினவங்களுக்கு நேர்ந்தது அநியாயம். பென்டியம் டி வரிசையில விலை கம்மியான 820ல ஒவ்வொரு கோரும் 2.8 கிகாஹெர்ட்ஸ்தான். பக்கத்து வீட்டுக்காரன் போன வருஷம் வாங்கின ஒத்தை கோர் 3.8ல அதே கேம் வேகமா ஓடும். வைரஸ் ஸ்கேன் மாதிரி பின்னாடி ஓடுற வேலைகளை ரெண்டாவது கோர் வாங்கிக்கும், அந்த ஒரு ஆறுதல் உண்டு.

அதை விடக் கூத்து, கடிகாரம். 1993ல வந்த முதல் பென்டியம்லேருந்து சிப்புக்குள்ள ஒரு எண்ணி இருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒண்ணு கூட்டிட்டே போகும். அந்தக் காலத்து கேம் எழுதினவங்க நேரம் பாக்க அதையே பயன்படுத்தினாங்க. ரெண்டு கோர் வந்ததும் ஆளுக்கொரு கடிகாரம் ஆயிருச்சு. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு கோர் வேகத்தைக் குறைச்சா அதோட எண்ணி பின்தங்கும். விண்டோஸ் கேமை ஒரு கோர்லேருந்து இன்னொரு கோருக்கு மாத்தி விடுறப்ப, போன தடவை பாத்த நேரத்தை விட இப்ப முந்தின நேரம் காட்டும். காலம் பின்னாடி போகுது! கேம் பாவம், என்ன செய்யும்? கார் திடீர்னு குதிக்கும், பொம்மை பறக்கும், எல்லாம் நாலு மடங்கு வேகத்துல ஓடும். அத்லான் எக்ஸ்2 வாங்கினவங்க இதுல நிறையவே அவதிப்பட்டாங்க. ஏஎம்டி இதுக்குன்னே ஒரு சின்ன மென்பொருள் விட்டுச்சு, மைக்ரோசாஃப்டும் ஒரு ஒட்டு போட்டுச்சு. பிறகு வந்த சிப்புகள்ல எண்ணியை ஒரே சீரா ஓட வச்சு சரி பண்ணாங்க.

முன்யோசனை உள்ளவங்களும் இருந்தாங்க. 1999 டிசம்பர்ல வந்த குவேக் 3ல, ரெண்டு சிப் இருக்குற பொட்டிக்குன்னே ஒரு அமைப்பை வச்சிருந்தார் ஜான் கார்மாக். 2005லயும் 2006லயும் வந்த எக்ஸ்பாக்ஸ் 360ம் பிளேஸ்டேஷன் 3ம் பல கோர் உள்ளதா இருந்ததால, வேற வழி இல்லாம எல்லாரும் வேலையைப் பிரிச்சு எழுதக் கத்துக்கிட்டாங்க. அப்படியும் 2007ல வந்த கிரைசிஸ், கோரோட வேகம் இன்னும் ஏறிட்டே போகும்னு நம்பி எழுதினது. பல வருஷம் கழிச்சு வந்த பெரிய பொட்டிகளைக் கூட அது திணறடிச்சுச்சு.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க குடும்பம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடும். சிங்கப்பூர்ல மச்சானுக்கு அப்ப ராத்திரி ஒன்பதரை, டொரண்டோவுல சித்தப்பா பையனுக்குக் காலை ஒன்பதரை (கோடைக்காலத்துல). பாளையங்கோட்டையில அப்பா. அம்மா போனதுக்கப்புறம் அப்பா ஒரு வாரத்துல முழுசா பேசுற ஒரு மணி நேரம் அதுதான். பேரப்பிள்ளைங்க தமிழ் பேசுற நேரமும் அதுதான், ஏன்னா தாத்தாவைத் திட்டணும்னா தமிழ்ல திட்டினாத்தான் அவருக்குப் புரியும்.

2022 ஏப்ரல்ல அந்த கேம்ல திராவிடர்னு ஒரு நாகரிகமே சேத்தாங்க. சுருள்வாள் வீரன், திரிசடை கப்பல், அதிசயமா தஞ்சைப் பெரிய கோயில், ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்பு. மரம் வெட்டுற ஆளைத் தொட்டா தமிழ்ல பதில் சொல்றான். அதைக் கேட்ட அன்னிக்கு அப்பா போர்க்களத்தை மறந்துட்டு அவனையே திரும்பத் திரும்பத் தொட்டுட்டு இருந்தார்.

பிரச்சனை என்னன்னா, அப்பாவோட பொட்டி. சண்டை பெருசாகி, ஆளுக்கு இருநூறு வீரன்னு ஆனதும் எல்லாருக்கும் ஆட்டம் நத்தை மாதிரி ஊரும். மச்சானோட பொட்டி புதுசு, அதுலயும் ஊரும். "தாத்தா இல்லாம ஒரு கேம் போடலாமே"னு குட்டிகள் மெதுவா முனக ஆரம்பிச்சாச்சு. அது அவர் காதுல விழுந்துரக் கூடாதேன்னு எனக்கு நெஞ்சு அடிச்சிட்டே இருக்கும்.

ஏன் ஒருத்தர் பொட்டி எல்லாரையும் இழுக்கணும்? இதை எழுதினவங்களே விளக்கியிருக்காங்க. பால் பெட்னர், மார்க் டெரானோனு ரெண்டு பேரு 2001ல ஒரு கட்டுரை எழுதினாங்க. டயல்-அப் மோடம் காலத்துல ஆயிரத்தைந்நூறு வில்லாளியை எப்படி இணையத்துல அனுப்பினோம்ங்கிற கதை. பதில் என்னன்னா, அனுப்பவே இல்ல! ஒவ்வொரு வீரனும் எங்க நிக்கிறான்னு அனுப்பினா மோடம் தாங்காது. "இவனை அங்க போகச் சொல்லு"ங்கிற கட்டளையை மட்டும் அனுப்புவாங்க. ஒவ்வொரு பொட்டியும் முழு உலகத்தையும் தானே கணக்குப் போட்டு நகர்த்தும். சுமார் 200 மில்லி நொடி ஒரு சுற்று, இப்ப கொடுத்த கட்டளை ரெண்டு சுற்று கழிச்சு எல்லாப் பொட்டியிலயும் ஒரே சமயத்துல நடக்கும். பாளையங்கோட்டையிலயும் டொரண்டோவுலயும் அதே அம்பு அதே ஆள் மேல விழணும். ஒரு துளி மாறினா ஆட்டம் ஒத்துப்போகாம நின்னுரும். அதனால எந்தப் பொட்டி மெதுவோ, அதுக்காக எல்லாரும் காத்திருக்கணும். கணக்கு எல்லாம் அதே வரிசையில நடக்கணும்ங்கிறதால, பல கோருக்குப் பிரிச்சுக் கொடுக்குறதும் லேசுப்பட்ட வேலை இல்ல.

அப்பா யாருகிட்டயும் சொல்லாம, பென்ஷன் காசுல ஒரு கடையில போயி புதுசா பொட்டி வாங்கிட்டார். "பன்னெண்டு கோர் சார், ராக்கெட் மாதிரி ஓடும்"னு சொல்லி வித்திருக்காங்க. கழிச்சுப்போட்ட சர்வர்லேருந்து எடுத்த ரெண்டு ஆறு-கோர் சிப், ஒவ்வொண்ணும் 2 கிகாஹெர்ட்ஸ். ஞாயித்துக்கிழமை அப்பா பெருமையா உக்காந்தார். ஆட்டம் முன்னைக்கு இப்ப மோசம். டாஸ்க் மேனேஜர் மொத்தம் பத்து சதவீதம் கூடக் காட்டல. பதினோரு மாஸ்டர் தோள்ல துண்டோட நிக்கிறாங்க! "கடைக்காரன் நல்லவன்தாம்ல, என் நேரம்"னு சொல்லிட்டு அப்பா சீக்கிரமே போயிப் படுத்துட்டார்.

கடைக்காரரை நான் முழுசாக் குத்தம் சொல்ல மாட்டேன். எண்ணைப் பாத்துப் பொருள் வாங்குறது டர்போ பட்டன் காலத்துலேருந்து நம்ம பழக்கம். அடுத்த வாரமே எஸ்.பி. ரோட்டுல அலைஞ்சு, நாலே கோர் உள்ள, ஆனா ஒவ்வொரு கோரும் 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டுற சிப்பா பாத்து வாங்கி, தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பஸ்ல மடியில வச்சுக் கொண்டு போனேன். தங்கமணி சீட்டுல நான், என் சீட்டுல பொட்டி. "நாலுதானா?"னு அப்பா முகம் கொஞ்சம் வாடுச்சு. ஞாயித்துக்கிழமை என் கோட்டையை இடிச்சதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

வேடிக்கை என்னன்னா, சிப் செய்றவங்களும் இதே இடத்துக்குத்தான் திரும்பி வந்தாங்க. 2008 நவம்பர்ல வந்த முதல் கோர் ஐ7லேருந்து, ஒரு கோர் மட்டும் வேலை செஞ்சா மத்ததை ஓய வச்சு அந்த ஒண்ணோட வேகத்தை ஏத்துற வசதி வச்சாங்க. அதுக்கு வச்ச பேரு டர்போ பூஸ்ட். 2021ல வந்த பன்னெண்டாம் தலைமுறையில பெரிய கோர், சின்ன கோர்னு ரெண்டு ஜாதி. அதுல சில கேம்களோட காப்புப் பூட்டு, சின்ன கோரைப் பாத்து "இது வேற கம்ப்யூட்டர்"னு நினைச்சு ஓட மறுத்துச்சு. இன்டெல் சொன்ன தற்காலிக வைத்தியம்: பயாஸ்ல ஒரு அமைப்பை மாத்திட்டு, கீபோர்டுல ஸ்க்ரோல் லாக்கை அமுக்குங்க, சின்ன கோர் தூங்கிரும். அந்தப் பட்டனுக்கு ஒரு வேலை கிடைச்சு எத்தனை வருஷம் ஆச்சோ!

உங்க வீட்டுலயும் பழைய சிடியைத் தூசி தட்டி வைஸ் சிட்டியோ கிரிக்கெட் 07ஓ போட்டு, அது குதிச்சா, இதைச் செஞ்சு பாருங்க. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் பக்கம் போயி, அந்த கேம் பேரு மேல வலது சொடுக்கு, 'செட் அஃபினிட்டி', எல்லா டிக்கையும் எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் விடுங்க. பெரிய கோர், சின்ன கோர் இருக்குற சிப்புன்னா வழக்கமா முதல்ல வர்றதுதான் பெரிய கோர், கடைசியில இருக்குறதைத் தொடாதீங்க. கேமை மூடித் திறந்தா மறுபடி செய்யணும். லேப்டாப்னா சார்ஜரைச் செருகிட்டு விளையாடுங்க, பேட்டரியில இருந்தா கோர் வேகத்தைக் குறைச்சுக்கும். வைஸ் சிட்டியில ஃப்ரேம் லிமிட்டரை அணைச்சுராதீங்க, அது இருக்குற வேகத்துக்குத்தான் அந்தக் காரெல்லாம் ஒழுங்கா ஓடும்.